கடிதம் வளர்த்த நட்பு – 9: மில்தோர்ப்புக்குப் போன கீதை

விக்டோரியா மகாராணியின் பேரன்கள் இருவருக்கு வாத்தியார் தேவைப்பட்டது. 1871-ல் அந்த அழைப்பு கேம்பிரிட்ஜில் இருந்த எட்வர்ட் கார்ப்பெண்டர் என்ற இளம் பாதிரியாரைத் தேடி வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்தான் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறிய ‘ராங்லர்’களில் பத்தாவதாக வந்து, டிரினிட்டி ஹால் கல்லூரியில் ஃபெலோ ஆனவர். வேறு யாராக இருந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டு போயிருப்பார்கள். கார்ப்பெண்டர் வேண்டாம் என்றுவிட்டார். வேலை அவருடைய நண்பர் ஜான் நீல் டால்டனுக்குப் போயிற்று. டால்டனிடம் படித்த பையன்களில் இளையவர்தான் பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர்.

இருபது வருஷம் கழித்து அதே கார்ப்பெண்டர், இலங்கையில், எழுபது வயது மதிக்கத்தக்க தஞ்சாவூர்ப் பெரியவர் ஒருவர் முன்னால் மாணாக்கராக உட்கார்ந்திருந்தார். குருவுக்கு ஆங்கிலம் தெரியாது. சீடருக்குத் தமிழ் தெரியாது. இடையில் இருந்து இருவர் பேச்சையும் மாற்றி மாற்றிச் சொன்னவர் பொன்னம்பலம் அருணாசலம்.

இலங்கை அரசியல் வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர், சர் பட்டம் பெற்றவர், கொழும்பில் சிலையாக நிற்பவர். அந்த அருணாசலத்தைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. நாம் பார்க்கப்போவது இன்னொரு அருணாசலத்தை. கச்சேரி வேலை முடிந்த பிறகு விளக்கைத் தூண்டிவிட்டு, டெர்பிஷயரில் காய்கறி போட்டு விற்றுக்கொண்டிருந்த நண்பருக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதியவரை.

அருணாசலம் 1853 செப்டம்பர் 14-ல் கொழும்பில் பிறந்தார். மானிப்பாய்ப் பூர்வீகம். தகப்பனார் ஆ. பொன்னம்பல முதலியார் கொழும்பு கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கட்டியவர். மூன்று பிள்ளைகள்: குமாரசாமி, இராமநாதன், அருணாசலம். தாய்மாமன் சர் முத்துக்குமாரசாமி இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் வாங்கி, அரிச்சந்திரன் கதையை ஆங்கில நாடகமாக மொழிபெயர்த்து 1863-ல் வெளியிட்டவர். அந்த மாமனுடைய மகன்தான் கலை ஆராய்ச்சியாளர் ஆனந்த குமாரசாமி. இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பையன், அரசாங்க உதவித்தொகை பெற்று 1870-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியில் சேர்ந்தான்.

கார்ப்பெண்டரும் அவரும் பழகியது அங்கேதான். ஒன்பது வயது வித்தியாசம். மூத்தவர் வெள்ளைக்கார ஆசிரியர், இளையவர் குடியேற்ற நாட்டு மாணவர். சாதாரணமாக அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பழக்கம் ஒரு தேநீர் விருந்தோடு முடிந்துவிடும். முடியவில்லை. பிற்காலத்தில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது கார்ப்பெண்டர் அந்த மாணவரை மறக்காமல் நினைவுகூர்ந்தார். அன்றைய அருணாசலம் ஆங்கில நடையுடை பாவனைகளை நன்றாகவே பற்றிக்கொண்ட இளைஞர், எல்லாரோடும் கலகலப்பாகப் பழகியவர் என்பது அவருடைய சித்திரம். சைவம், சித்தாந்தம், ஞானம் என்ற பேச்செல்லாம் அப்போது இல்லை.

படிப்பு முடிந்ததும் இருவரும் எதிர்எதிர்த் திசையில் நடந்தார்கள். கார்ப்பெண்டருக்குப் பாதிரி உடுப்பு பிடிக்கவில்லை. 1874-ல் திருச்சபையைத் துறந்து, கல்லூரியையும் விட்டு, வடக்கே ஆலை ஊர்களுக்குப் போய்ச் சாதாரண ஜனங்களுக்கு வானவியல் வகுப்பு எடுத்தார். கத்தி, கத்தரிக்கோல் செய்கிற ஷெஃபீல்டு தொழிலாளர்கள் அவருக்குச் சிநேகிதரானார்கள். அருணாசலமோ 1875-ல் பாரிஸ்டராகி, அதே வருஷம் இலங்கை சிவில் சர்வீஸ் போட்டித் தேர்விலும் தேறினார். இலங்கையர் ஒருவர் போட்டித் தேர்வு எழுதி அந்தச் சேவைக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவை. ஆக, சாம்ராஜ்யத்தின் தலைநாட்டில் பிறந்தவர் அதன் ஏணியிலிருந்து இறங்கினார். அதன் ஆளுகையில் பிறந்தவர் அதே ஏணியில் ஏறினார். இருவரையும் சேர்த்து வைத்திருந்தது தபால் ஒன்றுதான்.

அந்தத் தபால் எப்படிப் போயிற்று என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு கொழும்புக் கடிதம் நீராவிக் கப்பலில் ஏறி ஏடன், சூயஸ் வழியாக மூன்று வாரம் அளவில் இங்கிலாந்து சேர்ந்துவிடும். உடனே பதில் எழுதினாலும் அது திரும்பி வர இன்னொரு மூன்று வாரம். ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் நடுவே ஒன்றரை மாதம். அதனால்தான் அந்தக் காலத்துக் கடிதங்களில் நலம் விசாரிப்பு ரெண்டு வரியும் விஷயம் இருபது பக்கமும் இருக்கும். கேட்டதை மறந்துபோகாதபடி முழுசாகக் கேட்கவேண்டும், திரும்பக் கேட்க வழியில்லாதபடி முழுசாகச் சொல்லவேண்டும்.

1880–81 வாக்கில் அந்தக் கப்பல் தபாலில் பகவத்கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று அருணாசலத்திடமிருந்து கார்ப்பெண்டருக்குப் போயிற்று. போய்ச்சேர்ந்த வேளையும் அப்படிப்பட்ட வேளை. 1881 தொடக்கத்தில் கார்ப்பெண்டரின் தாயார் காலமானார். தாயின் சாவு அவரை உள்ளூரக் குலுக்கியிருந்த சமயத்தில் கீதை கையில் கிடைத்தது. ரொம்ப நாளாக மனசுக்குள் புரண்டுகொண்டிருந்த ஏதோ ஒன்றுக்குச் சுருதி சேர்ந்தது மாதிரி இருந்தது என்பதை அவரே பிறகு ஒப்புக்கொண்டிருக்கிறார். வயல்வெளி ஓரம் மரக்குடில் ஒன்று போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தார். 1883-ல் வெளிவந்த ‘ஜனநாயகத்தை நோக்கி’ என்ற நெடுங்கவிதை அப்படிப் பிறந்தது. அமெரிக்கக் கவி வால்ட் விட்மனைக் கார்ப்பெண்டர் 1877-லேயே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். ஆகவே புத்தகத்தைப் புரட்டிய ஹேவ்லாக் எல்லிஸ், இது தண்ணீர் கலந்த விட்மன் என்று முதலில் கேலி செய்தார். அப்புறம் அந்த எல்லிஸே கார்ப்பெண்டரின் நெருங்கிய நண்பரானது வேறு கதை. விட்மன் கண்ணில் பட்டார், குருக்ஷேத்திரம் படவில்லை. கவிதையில் பேசுகிற ‘நான்’ ஒரு தனிமனிதன் அல்ல, எல்லாருக்குள்ளும் இருக்கிற ஒன்று என்பது விட்மனிடம் மட்டும் கற்ற பாடம் இல்லை.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. கீதையை அனுப்பியபோது அருணாசலமே அதில் பெரிதாகத் தோய்ந்தவர் அல்ல. நல்ல புத்தகம், நண்பனுக்குப் பிடிக்கும் என்று அனுப்பினார், அவ்வளவுதான். தான் இன்னும் சாப்பிடாத பலகாரத்தை ஊருக்குக் கொடுத்தனுப்பியவர் அவர். அவருக்குப் பசி எடுக்க இன்னும் சில வருஷம் ஆயிற்று.

இதற்கிடையே 1882-ல் தகப்பனார் இறந்து சொத்து கைக்கு வந்ததும், கார்ப்பெண்டர் ஷெஃபீல்டுக்குத் தெற்கே டெர்பிஷயரில் மில்தோர்ப் என்ற சிற்றூரில் ஏழு ஏக்கர் நிலம் வாங்கினார். காய்கறி, பழம் பயிரிட்டுச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றார். கேம்பிரிட்ஜ் ஃபெலோ முட்டைக்கோஸ் விற்கிறார் என்று ஊர் சிரித்திருக்கும். இன்னொரு தொழிலும் கற்றுக்கொண்டார். அலிகார் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த ஹெரால்ட் காக்ஸ் என்ற நண்பர் காஷ்மீரத்துச் செருப்பு ஒரு ஜோடி அனுப்பி வைத்தார். கார்ப்பெண்டர் அதைப் பார்த்துப் பார்த்துத் தோல் வெட்டித் தைத்து, தானும் போட்டு, கேட்டவர்களுக்கும் விற்றார். பூட்ஸ் என்பது காலுக்குச் செய்த சவப்பெட்டி என்பது அவர் கட்சி. இங்கிலாந்தில் முற்போக்குக்காரர்கள் திறந்த செருப்போடு திரிந்தார்கள் என்றால், அதற்கு மூலம் இந்தத் தபால் பொட்டலம்.

அருணாசலம் பக்கம் வருவோம். மாஜிஸ்திரேட், நீதிபதி என்று ஊர் ஊராக மாற்றலாகிக்கொண்டிருந்தவருக்கு 1880-களின் பிற்பகுதியில் ஒரு குரு கிடைத்தார். பெயர் இராமசாமி. இலக்கணத்தில் பெரும் புலமை உள்ளவர் என்பதால் இலக்கணம் இராமசாமி என்றே வழங்கினார்கள். தஞ்சாவூர்ப் பக்கம். அவருடைய குரு தில்லைநாத சுவாமி பெரிய கப்பல் வியாபாரியாக இருந்தவர். ஞானம் கைகூடியதும் கணக்கு வழக்கை முடித்து, சொத்தை உறவுக்கும் வேலையாட்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, இடுப்பில் துணிகூட இல்லாமல் காட்டுக்குப் போய்விட்டாராம். தாயும் சகோதரிகளும் பின்னாலேயே ஓடித் திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சினார்களாம். பதிலே பேசாமல் இருந்துவிட, அவர்களும் ஓய்ந்து போனார்கள். பட்டினத்தார் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது பழகிய தடம். டெர்பிஷயரில் உட்கார்ந்து படித்தவருக்கு எப்படி இருந்திருக்கும்!

குரு கிடைத்த பிறகு அருணாசலத்தின் கடிதங்களின் போக்கே மாறிவிட்டது. நனவு, கனவு, உறக்கம், அதற்கு அப்பால் துரியம். எண்ணம் அடங்கிய பின் எஞ்சுவது எது. நூல் படிப்பு எங்கே நிற்கிறது, குருவின் சொல் எங்கே தொடங்குகிறது. இவற்றை எல்லாம் அவர் ஒரு கணிதக்காரருக்குச் சொல்கிற முறையில் படிப்படியாக எழுதினார். மாணிக்கவாசகரையும் தாயுமானவரையும் பிற்காலத்தில் அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாரே, அந்தக் கைக்குப் பயிற்சி கொடுத்தவை இந்தக் கடிதங்கள்தான் என்பது என் எண்ணம். நம்பிக்கை உள்ளவருக்கே எழுதினால் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடலாம். படித்த, சந்தேகப்படத் தெரிந்த, ஆனால் மனசு திறந்த அந்நியனுக்கு எழுதும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பு ஏற்க வேண்டும். அருணாசலத்தின் ஆங்கிலத்தில் இருக்கிற தெளிவு அப்படி வந்தது.

எழுதி எழுதி ஒரு கட்டத்தில், இனிமேல் இதைக் கடிதத்தில் சொல்ல முடியாது, நேரில் வந்து கேளும் என்று கூப்பிட்டார். 1890 கடைசியில் கார்ப்பெண்டர் கப்பல் ஏறினார்.

அருணாசலம் அப்போது குருணாகலில் நீதிபதி. பெரிய பாறைக் குன்றுகள் சூழ்ந்த ஊர். கார்ப்பெண்டர் நண்பரோடு தங்கினார், கலுவா என்ற சிங்களக் குடியானவனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு சிவனொளிபாதமலை ஏறினார், அநுராதபுரத்து இடிபாடுகளைச் சுற்றினார், நீதிமன்றத்தை எட்டிப் பார்த்தார், தைப்பூசத்தன்று கோயில் ஒன்றில் இரவு முழுக்கத் திருவிழாப் பார்த்தார். ஆனால் பயணத்தின் உயிர் இராமசாமி குருவிடம் போய்வந்த நாட்கள்தான். பல வாரங்கள் அந்தச் சந்திப்பு நடந்தது.

கார்ப்பெண்டர் தரும் சித்திரம் நாம் எதிர்பார்க்கிற மாதிரி இல்லை. ஜடாமுடி இல்லை, சித்து இல்லை. மேலே ஒரு வெள்ளைத் துணி, சிறிய உருவம், வயதுக்கு மீறிய சுறுசுறுப்பு, பேச ஆரம்பித்தால் நிறுத்தாத வாய். வானவியல் வகுப்பு எடுத்த ராங்லர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, சூரியன்தான் பூமியைச் சுற்றுகிறது என்று அந்தப் பெரியவர் சாதித்தார். கார்ப்பெண்டர் எழுந்து போய்விடவில்லை. கைகட்டித் தலையாட்டவும் இல்லை. பௌதிகத்தில் இவர் சொல்வது பழங்கணக்கு, மனதைப் பற்றிச் சொல்வது அனுபவம் என்று இரண்டையும் பிரித்து எழுதிவைத்தார். வெள்ளைக்காரர்கள் கீழை ஞானம் பேசிய அந்தக் காலத்தில் ஒன்று முழுக்கக் கேலி, இல்லாவிட்டால் முழுக்கக் காலில் விழுதல் என்றுதான் இருந்தது. அடையாற்றுப் பிரம்மஞான சபையில் நடந்துகொண்டிருந்தது நமக்குத் தெரியும். கார்ப்பெண்டரின் நிதானம் அபூர்வம். அந்த நிதானத்துக்கு முதல் காரணம் அருணாசலம். பதினைந்து வருஷக் கடிதப் போக்குவரத்தில் பதப்பட்டு வந்த ஆள் அவர், சுற்றுலாக்காரர் அல்ல.

குருவிடம் அவர் கற்ற முதல் பாடம் எண்ணத்தை நிறுத்துவது. பூட்ஸுக்குள் ஒரு கல் புகுந்துவிட்டால் உடனே கழற்றி உதறி அதை எடுத்துப் போடுகிறோம், வேண்டாத எண்ணத்தையும் அதே சுளுவில் எடுத்துப் போட மனிதனால் முடியும் என்று அவர் பிறகு எழுதினார். சொந்தக் கையால் செருப்புத் தைத்தவருக்கு வேறு என்ன உவமை தோன்றும்?

இன்னொரு விஷயம் அவரை ரொம்பவும் கவர்ந்தது. வெளியே சாதி, ஆசாரம், எட்டி நில் என்று ஆயிரம் வேலி. ஞானியின் உபதேசத்துக்குள் போனால் வேலியே இல்லை. உள்ளே இருப்பது சமத்துவம், வெளியே இருப்பது அதற்கு நேர்மாறு. இந்த முரண்பாட்டை அவர் மூடி மறைக்காமல் எழுதினார். அது வெளியூர்க்காரர் கண்ணுக்கு மட்டும் பட்டதல்ல. நான் இருந்து எழுதுகிற ஏர்பேட்டில் 1926-ல் மலையாள சுவாமிகள் வியாசாசிரமத்தை அமைத்தார். சமஸ்கிருதமும் வேதாந்தமும் எந்தச் சாதியாருக்கும் உரியவை, பெண்களுக்கும் உரியவை என்று சொல்லி, சொன்னபடியே கற்பித்துக் காட்டினார். காளஹஸ்திக்கும் திருப்பதிக்கும் நடுவில், ஆசாரம் செழித்த மண்ணில் அதைச் செய்ய எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது இந்தப் பக்கத்து மனிதர்களுக்குத் தெரியும். இராமசாமி குரு வீட்டுக்குள் உட்கார்ந்து சொன்னதைத் தெருவில் இறக்க முப்பத்தைந்து வருஷம் பிடித்தது.

இலங்கையிலிருந்து கிளம்பிய கார்ப்பெண்டர் தென்னாட்டுக் கோயில்கள், சென்னை, கல்கத்தா, காசி, தில்லி, அலிகார், பம்பாய் என்று சுற்றிவிட்டு 1891-ல் ஊர் திரும்பினார். அடுத்த வருஷம் ‘சிவனொளிபாதமலையிலிருந்து எலிஃபண்டா வரை’ புத்தகம் வெளிவந்தது. ஞானியைச் சந்தித்த அத்தியாயங்கள் பின்னால் தனிநூலாகவும் அச்சாயின. அந்தப் பக்கங்களில் பிரபஞ்ச உணர்வு என்ற பொருளில் ஒரு ஆங்கிலத் தொடரை அவர் கையாண்டார். கனடா நாட்டு மருத்துவர் ரிச்சர்ட் மாரிஸ் பக் 1901-ல் தன் பெரிய நூலுக்கு அதையே தலைப்பாக வைத்தார், கார்ப்பெண்டரையும் அந்த உணர்வு வாய்த்தவர்களின் வரிசையில் சேர்த்தார். மறுவருஷம் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் தன் சமய அனுபவ நூலில் பக்கை எடுத்துப் பேசினார். ஹார்வர்டு பேராசிரியர் வரை போன இந்த வரிசையைப் பின்னோக்கி நடந்தால் குருணாகலும், குருவுக்கும் விருந்தாளிக்கும் நடுவே உட்கார்ந்து மொழிபெயர்த்த ஒரு தமிழ் நீதிபதியும் வருகிறார்கள். அவர் பெயரை அந்தப் பயண நூலில் தேடினால் முதலெழுத்து மட்டும்தான் கிடைக்கும். அரசாங்க உத்தியோகஸ்தர், பெயர் வந்தால் சங்கடம் என்ற நாகரிகம். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். பலன் என்னவோ, அருணாசலம் அந்தக் கதையிலிருந்து வெகுநாள் காணாமல் போனார்.

இதுவரை சொன்னதை வைத்து, தமிழர் கொடுத்தார், வெள்ளைக்காரர் வாங்கிக்கொண்டார் என்று முடித்துவிட்டால் நமக்குப் பெருமையாக இருக்கும். அது பாதி உண்மை. எதிர்ப்பக்கமும் சரக்கு வந்தது.

கார்ப்பெண்டர் சோஷலிஸ்ட். அவர் 1886-ல் எழுதிய ‘இங்கிலாந்தே எழு’ என்ற பாட்டைத் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார்கள். அப்படிப்பட்டவரோடு ஐம்பது வருஷம் கடிதம் எழுதிக்கொண்டிருந்த மனிதரால் தோட்டத் தொழிலாளியைப் பார்க்காமல் இருக்க முடியுமா? 1869-ல் தொடங்கிய இலைநோய் காப்பித் தோட்டங்களை அழித்தபின் இலங்கை மலைநாடு முழுக்கத் தேயிலை ஆயிற்று. கூலிக்கு வந்தவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கத்து நம் சனங்கள். கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகக் கழுத்தில் ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டம் போகவேண்டுமானால் துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ வேண்டும். இத்தனை ரூபாய் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று எழுதிய சீட்டு அது. புதுத் தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டும், கடன் ஆளோடு சேர்ந்து கைமாறும், கூடவே ஏறும். கடிதத்தால் வாழ்ந்த நண்பர்களைப் பற்றிய தொடரில் இந்தக் காகிதத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு குடும்பத்தின் கதியையே நாலு வரியில் எழுதிய காகிதம் அது.

உத்தியோகத்தில் இருந்தவரை அருணாசலம் கைகள் கட்டுண்டவை. ரெஜிஸ்திரார் ஜெனரலாக 1901 குடிமதிப்பை நடத்தி, தீவின் மக்களைப் பற்றி இன்றும் புரட்டத்தக்க அறிக்கை ஒன்றை எழுதினார். ஓய்வு பெற்றபின் வேகம் பிடித்தார். 1915-ல் சமூக சேவைச் சங்கம், 1919-ல் தொழிலாளர் நலச் சங்கம், 1920-ல் தொழிலாளர் சம்மேளனம். வேலையை விட்டுப் போகும் கூலியைச் சிறையில் தள்ளும் சட்டப் பிரிவுகளை எதிர்த்து விடாமல் வாதாடினார். துண்டு முறை 1921-ல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. யாழ்ப்பாண மேட்டுக்குடி வேளாளர், சிவில் சர்வீஸ் அதிகாரி, சர் பட்டக்காரர் ஒருவர் மலைநாட்டுக் கூலிக்காக எழுந்து நின்றது அன்றைக்குச் சாதாரணமல்ல. அவருடைய வகுப்பைச் சேர்ந்த பலருக்கு அந்தச் சனங்கள் கண்ணிலேயே படவில்லை. அருணாசலத்துக்குக் கண் திறந்ததில் மில்தோர்ப் கடிதங்களுக்குப் பங்கு உண்டு. அந்தக் காலத் தொழிலாளர் இயக்கத்தை ஆராய்ந்தவர்களும் இந்தத் தொடர்பைக் காட்டியிருக்கிறார்கள்.

நட்பின் பலத்தைச் சோதிக்கிற இன்னொரு சங்கதி. கார்ப்பெண்டர் ஆண்களை நேசித்தவர். 1885-ல் இங்கிலாந்துப் பார்லிமெண்ட் அதைக் குற்றமாக்கியது, அந்தச் சட்டம் 1895-ல் ஆஸ்கார் வைல்டைச் சிறையில் தள்ளியது. அந்த வருஷங்களிலேயே கார்ப்பெண்டர் இந்த விஷயத்தைப் பற்றிப் பகிரங்கமாக எழுதத் துணிந்தார். இந்தியப் பயணம் முடித்துத் திரும்பிய சமயம் ரயிலில் சந்தித்த ஜார்ஜ் மெரில் என்ற ஏழைத் தொழிலாளியோடு 1898 முதல் மில்தோர்ப்பில் ஒரே வீட்டில் வாழ்ந்தார். இங்கிலாந்துப் பெரிய மனிதர்கள் பலர் வழி மாறி நடந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த கடிதங்கள் நிற்கவில்லை. ஆசாரமான சைவக் குடும்பத்துக்காரருக்கு அது எளிதாக இருந்திருக்காது என்றுதான் நாம் நினைப்போம். நட்பின் கணக்கு வேறாக இருந்தது.

காந்தியையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லலாம். அவர் 1909-ல் ‘ஹிந்த் சுவராஜ்’ எழுதியபோது, படிக்கவேண்டிய நூல்கள் என்று பின்னிணைப்பில் ஒரு பட்டியல் கொடுத்தார். டால்ஸ்டாய், தோரோ, ரஸ்கினோடு கார்ப்பெண்டரின் ‘நாகரிகம்: அதன் காரணமும் பரிகாரமும்’ அதில் உண்டு. நாகரிகம் என்பதே ஒரு வியாதி என்று வாதிட்ட நூல். 1889-ல் வந்தது, கீதை கார்ப்பெண்டர் கைக்குப் போய்ச் சேர்ந்து எட்டு வருஷத்துக்குப் பிறகு. காந்தி கீதையை இங்கிலாந்தில் ஆர்னால்டு மொழிபெயர்ப்பில் படித்தார் என்று எல்லாரும் சொல்வார்கள். கீதை படித்த ஓர் ஆங்கிலேயர் வழியாகவும் அவருக்கு ஏதோ வந்து சேர்ந்தது என்பதைச் சொல்வார் குறைவு.

1913-ல் அருணாசலத்துக்குச் சர் பட்டம் கிடைத்தது. கொடுத்தது ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். கார்ப்பெண்டர் பாடம் சொல்லித்தர மறுத்த அதே பையன்! 1919 டிசம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்து, அருணாசலம் அதன் தலைவரானார். கொழும்பில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்று கொடுத்த வாக்கைச் சிங்களத் தலைவர்கள் காப்பாற்றவில்லை என்று மனம் கசந்து 1921-ல் விலகினார். அதற்குப் பின் நடந்தவை வேறு நூல்களில் விரிவாக உள்ளன, இங்கே வேண்டாம். 1924 ஜனவரி 9-ல், தலயாத்திரை வந்த இடத்தில், மதுரையில் காலமானார்.

கார்ப்பெண்டருக்கு அப்போது எண்பதை நெருங்கிய வயது. நண்பர் போனபின் பெட்டியைத் திறந்து, ஞானம் பற்றி அவர் எழுதிய கடிதங்களைத் தொகுத்து, 1927-ல் ‘கிழக்கிலிருந்து ஒளி’ என்ற பெயரில் லண்டனில் பதிப்பித்தார். இம்முறை ஆசிரியர் பெயர் முழுசாக, பொ. அருணாசலம் என்று அட்டையிலேயே வந்தது. பதிப்பாசிரியர் பெயர்தான் கார்ப்பெண்டர். தன் கட்டுரைகள் சிலவற்றையும் கிழவர் பின்னால் செருகினார், அவை புத்தகத்தோடு அவ்வளவாக ஒட்டவில்லை. போகட்டும். இரண்டு வருஷத்தில் அவரும் மறைந்தார்.

அருணாசலம் கைப்பட எழுதிய கடிதங்கள் இன்றைக்கும் ஷெஃபீல்டு நகர ஆவணக் காப்பகத்தில், கார்ப்பெண்டர் தொகுப்பில் பத்திரமாக இருக்கின்றன. புலம்பெயர்ந்து இங்கிலாந்தில் இருக்கிற தமிழ் வாசகர்கள் இந்தத் தொடருக்குக் கடிதம் போடுகிறார்கள், லண்டனிலிருந்து ஷெஃபீல்டு ரயிலில் இரண்டு மணி நேரத்துச் சில்லறை. யாராவது ஒருவர் நாலு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய், அச்சுக்கு வந்தது எது, வராதது எது என்று ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு பட்டியலாவது தமிழில் போட வேண்டும். அருணாசலத்தின் அண்ணன் குமாரசாமி உ.வே. சாமிநாதையரின் பதிப்பு வேலைக்குக் கைகொடுத்தவர். ஐயர் தமக்கு வந்த கடிதங்களை எல்லாம் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்த கதையை அடுத்த இதழில் பார்ப்போம்.